பெயிண்டுக்கு அடியில என்ன இருக்கு?

பழைய கார் பத்தி கேள்வி அனுப்புங்கன்னு போன இதழ்ல கேட்டிருந்தோம். வந்ததுல பாதிக்கு மேல ஒரே சந்தேகம்தான், ரெடி பண்ணி வெச்ச வண்டிய வாங்கறதா, இல்ல நாமளே ஒண்ண எடுத்துப் பண்றதா. மூணு கடிதத்துக்கு மட்டும் இப்ப பதில் சொல்றேன்.

கேள்வி: சார், எங்க தாத்தா வெச்சிருந்த மாதிரியே ஒரு 1982 பிரீமியர் பத்மினி கார் வாங்கணும்னு ரொம்ப நாள் ஆசை. கோயம்புத்தூர்ல ஒருத்தர் முழுசா ரெஸ்டோர் பண்ணி 4 லட்சத்து 25 ஆயிரம் சொல்றார், பளபளன்னு இருக்கு. கோபி பக்கம் ஒரு தோட்டத்துல வேப்பமரத்தடில நிக்கிறது 65 ஆயிரம். அத ஒன்றரை லட்சத்துல புதுசாக்கித் தரேன்னு ஃப்ரெண்டோட மெக்கானிக் சொல்றார். ரெண்டு லட்சம் மிச்சமாகுதே, எத வாங்கட்டும்? (ஈரோடு வாசகர்)

பதில்: ஒன்றரை லட்சம்ங்கிறது அவர் சொன்ன முதல் தொகைங்க, கடைசி தொகை எதுன்னு அவருக்கே இப்ப தெரியாது. பொய் சொல்றார்னு சொல்ல வரல, வெளிய இருந்து பாத்துச் சொல்றார், அவ்ளோதான். பத்மினில தனியா சேஸிஸ் ஃப்ரேம்னு, அதாவது பாடிய அடியில தாங்கற இரும்புச் சட்டம்னு ஒண்ணு கிடையாது, பாடியே எல்லாத்தையும் தாங்குது, அதனால அடியில துரு புடிச்சா அது அழகுப் பிரச்சனை இல்ல, வண்டியோட எலும்பே போச்சுன்னு அர்த்தம். மரத்தடி வண்டின்னா வேப்பிலை எல்லாம் முன் கண்ணாடிக்குக் கீழ போய் அடைச்சு, மழைத்தண்ணி இறங்க வழியில்லாம உள்ள கசிஞ்சு, காலுக்குக் கீழ இருக்கிற தகடு சல்லடையாயிருக்கும், கால் மிதிக்கிற மேட்ட தூக்கினா மண்தரை தெரியும். தகடு வேலை பாக்கற டிங்கர் அத வெட்டிப் பாத்தாதான் அதுக்குப் பக்கத்துல இருக்கிறதும் போயிருக்குன்னு தெரியும், அங்கதான் கணக்கு எகிறும்.

நானும் பட்டவன்தான். ஒரு பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார எடுத்து எட்டு மாசத்துல முடிச்சிடுவேன்னு வீட்ல சத்தியம் பண்ணேன், மூணரை வருஷம் ஆச்சு, அதுல பெயிண்ட் ஷெட்ல மட்டும் பதினோரு மாசம், போன் பண்ணா "நாளைக்கு அண்ணே"ங்கிற ஒரே பதில். என் பொண்ணு அந்த ஷெட்டுக்கு நம்ம ரெண்டாவது வீடுன்னு பேரே வெச்சிட்டா.

எல்லாரும் எஞ்சினுக்குப் பயப்படுவாங்க, ஆனா பயப்பட வேண்டியது அதுக்கு இல்ல. 1089 சிசி பெட்ரோல், போரிங் பண்ணி ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு க்ராங்க் கிரைண்டிங் குடுக்கறது கோயம்புத்தூர் லேத்துக்காரங்களுக்குப் பழகின வேலை. காசு போறது சின்ன சின்ன அயிட்டத்துல. க்ரோம், கண்ணாடி பீடிங், டோர் லாக், டேஷ்போர்டு மீட்டர், சீட் ரெக்ஸின். க்ரோம் ஒழுங்கா நிக்கணும்னா செம்பு, நிக்கல், அப்புறம்தான் க்ரோம், மூணு பூச்சு. செம்ப விட்டுட்டு மலிவா அடிச்சுக் குடுத்தா ஒரு மழைக்காலத்துல பொரிஞ்சு போயிடும்.

இருந்தாலும் முதல் வண்டியா பத்மினிய புடிச்சது நல்ல யோசனைதான். 1964-ல ஃபியட் 1100 டிலைட்டா வந்த அதே அமைப்புதான் 1974-ல பத்மினின்னு பேர் மாறி 2000 வாக்குல வரைக்கும் வந்துச்சு, பம்பாய்ல டாக்ஸியா 2023 வரைக்கும் ஓடுச்சு, அதனால பார்ட்ஸ் இன்னும் பம்பாய்லயோ நம்ம சென்னை புதுப்பேட்டைலயோ தேடினா கிடைக்கும்.

இப்ப அந்த 4.25-க்கு வருவோம். தனக்குன்னு ஆசைப்பட்டுப் பண்ணி இப்ப வேற வழியில்லாம விக்கிறாரா, இல்ல விக்கிறதுக்குன்னே பண்ணாரா, அத முதல்ல கண்டுபுடிங்க. ஆசையா பண்ணவர்கிட்ட போட்டோ இருக்கும், பெயிண்ட சுரண்டி வெறும் தகடா நிக்கிற போட்டோ, வெல்டிங் பண்ற போட்டோ, பில்லு, எல்லாத்தையும் நீங்க கேக்காமலே காட்டுவார், காட்டி போரடிப்பார். அப்படிப்பட்டவர் போட்ட காசு முழுசா திரும்பி வராது, அந்த நஷ்டம் உங்களுக்கு லாபம், கூச்சப்படாம வாங்குங்க. போட்டோவே இல்லன்னா அதுவும் ஒரு வேப்பமரத்தடி வண்டிதான், மேல பெயிண்ட் மட்டும் புதுசு.

ஒரு சின்ன காந்தத்த மெல்லிசு துணில சுத்தி எடுத்துட்டுப் போங்க, கதவோட கீழ் ஓரம், வீல் ஆர்ச், கதவுக்குக் கீழ நீளமா ஓடற தகடு, இங்கெல்லாம் வெச்சுப் பாருங்க, எங்க ஒட்டலயோ அங்க உள்ள தகடு இல்ல, பள்ளம் ஓட்டைய நிரப்பற பட்டிதான். பெயிண்ட் கனத்த அளக்கற கேஜ் யார்கிட்டயாவது இருந்தா இன்னும் நல்லது, சாதாரண பெயிண்ட் 100, 150 மைக்ரான் காட்டும், ஆயிரத்த தாண்டுச்சுன்னா பட்டிய அப்பி வெச்சிருக்காங்க. காலைல போங்க, நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்கன்னு சொல்லிட்டுப் போங்க, போனதும் பானட்ட தொட்டுப் பாருங்க. சூடா இருந்தா எதையோ மறைக்கிறார். ஸ்டார்ட் பண்ணதும் நீலப் புகை வந்தா எஞ்சின்ல பிஸ்டன் ரிங்கோ வால்வ் கைடோ போயிருக்கு.

இது எல்லாத்துக்கும் முன்னாடி ஆர்.சி. புக்கு. சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருஷம்தான், அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவ புதுப்பிக்கணும், உங்க 82 மாடல் 97-லேயே அந்த வரிசைக்கு வந்திருக்கணும். பாடில அடிச்சிருக்கிற சேஸிஸ் நம்பர் மேல பேப்பர வெச்சு பென்சிலால தேய்ச்சு எடுத்து புக்கோட ஒத்துப் பாருங்க. தோட்டத்து வண்டிக்கு புக்கே இல்லன்னு சொன்னா, 65 ஆயிரம் இல்ல, சும்மா குடுத்தாலும் வேண்டாம்.

கேள்வி: அப்பா காலமாயிட்டார். அவரோட 1969 ஹெரால்டு மார்க் 3, நாலு கதவு வண்டி, 12 வருஷமா ஷெட்லயே நிக்குது. ரெஸ்டோர் பண்ணி வித்தா டபுள் கிடைக்கும்னு தம்பி சொல்றான். பண்ணலாமா? (மதுரை வாசகர்)

பதில்: விக்கிறதுக்காக ரெஸ்டோர் பண்ணாதீங்க. தம்பிகிட்ட டபுள்னா எதோட டபுள்னு கேளுங்க, செலவ கழிச்சிட்டு சொல்லச் சொல்லுங்க.

ஹெரால்டு நம்ம மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961-ல இருந்து பண்ணின வண்டி, டிசைன் இத்தாலிக்காரர் மிக்கேலொட்டியோடது, மூக்கு மொத்தமும் மட்கார்டோட சேந்து முன்பக்கமா தூக்கிட்டு நிக்குமே, அதுதான். இங்கிலாந்து ஹெரால்டுல நாலு கதவே கிடையாது, அது இங்க மட்டும் வந்தது, அதனால உங்க வண்டிய தேடறவங்க இருக்காங்க. ஆனா அப்படித் தேடறவங்க கை படாத வண்டியத்தான் கேப்பாங்க, நீங்க அடிக்கிற பெயிண்ட சுரண்டிட்டு அவங்க மறுபடி அடிப்பாங்க. தனி சேஸிஸ் இருக்கிறதால பாடிய போல்ட்ட கழட்டி இறக்கி வேலை பாக்கலாம், ஆசைக்காரனுக்கு அது சுகம். பார்ட்ஸ் கிடைக்கிறதுதான் கஷ்டம், அதனால ஒரு வீல் கப், ஒரு எம்ப்ளம் கூட ஷெட்டுல இருந்து தொலையாம பாத்துக்கோங்க.

செய்ய வேண்டியது இவ்ளோதான். டேங்க இறக்கி கழுவுங்க, ப்ரேக் சிலிண்டர் ரப்பர் எல்லாம் மாத்துங்க, ப்ளக்க கழட்டி சிலிண்டருக்குள்ள கொஞ்சம் ஆயில் விட்டு ஒரு நாள் ஊற வெச்சு கையாலயே சுத்திப் பாத்துட்டு அப்புறம் பேட்டரி குடுங்க. முன்னாடி சஸ்பென்ஷன் ட்ரன்னியனுக்கு, அதாவது முன் சக்கரம் திரும்பற அந்த மரை மூட்டுக்கு, கியர் ஆயில்தான் விடணும், கிரீஸ் அடிச்சா உள்ள மரை காஞ்சு தேஞ்சு ஒரு நாள் ஓடறப்பவே முறிஞ்சு சக்கரம் மடங்கிடும், நிறைய மெக்கானிக்குக்கு இது தெரியாது, நீங்க பக்கத்துல நின்னு சொல்லுங்க. ஸ்டார்ட் ஆகி நிக்கிற வண்டிக்கும் தள்ளிட்டுப் போற வண்டிக்கும் விலை வித்தியாசம் அதிகம். அப்பா பேர்ல இருக்கிற ஆர்.சி.ய வாரிசு சான்றிதழ வெச்சு ஃபாரம் 31-ல உங்க பேருக்கு மாத்திட்டு விளம்பரம் குடுங்க.

கேள்வி: என் 1971 அம்பாசடர் மார்க் 2-க்கு 50 வயசு தாண்டிருச்சு. விண்டேஜ்னு பதிஞ்சா விலை ஏறுமா? தினம் மார்க்கெட்டுக்கு எடுத்துட்டுப் போறேன். டீசல் எஞ்சின் மாத்தினது, மைலேஜ் நல்லா வருது. (திருச்சி வாசகர்)

பதில்: மார்க்கெட்டுக்குப் போறவருக்கு விண்டேஜ் வேண்டாங்க. 2021-ல வந்த விதிப்படி முதல் பதிவுல இருந்து 50 வருஷம் தாண்டின வண்டிய அப்படிப் பதியலாம், புதுப் பதிவுக்கு 20 ஆயிரம், பத்து வருஷத்துக்கு செல்லும். ஆனா கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, ரிப்பேருக்கு, இப்படித்தான் ரோட்டுல எடுக்கலாம், தினசரி ஓட்டக் கூடாது. அதோட சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெருசா மாத்தியிருக்கக் கூடாதுன்னும் இருக்கு.

கடைசி வரில போற போக்குல டீசல்னு எழுதிட்டீங்க, எனக்கு அங்கதான் மூச்சு நின்னுச்சு. ஆர்.சி.ல டீசல்னு ஏத்தியாச்சா? இல்லன்னா விண்டேஜ விடுங்க, சாதாரணமா விக்கிறதே தகராறு, வாங்கறவர் பேருக்கு மாத்தப் போற அன்னைக்கு மாட்டிக்குவீங்க. அந்தப் பழைய 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பழைய இரும்புக்குப் போகாம ஷெட் மூலைல எங்கயாவது கிடந்தா, ப்ளாக்ல இருக்கிற நம்பரும் புக்குல இருக்கிற நம்பரும் ஒண்ணான்னு பாத்துட்டு மறுபடி எழுதுங்க.