வாங்குமுன் ஒரு கேள்வி: பிடிஎஃப் விற்க எந்தக் கடை?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி. டிசைன், பாடக்குறிப்பு, மின்னூல் என்று கணினியில் செய்த எதையோ இணையத்தில் விற்க வேண்டும், எந்தத் தளத்தை எடுப்பது? நானே 32 பக்க ஊறுகாய்க் குறிப்பு மின்னூல் ஒன்றை விற்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டவள். தெரிந்ததைச் சொல்கிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: ரவிக்கை கட்டிங் பேட்டர்ன்களை அளவு வாரியாக பிடிஎஃப் செய்து வாட்ஸ்அப்பில் 149 ரூபாய்க்கு விற்கிறேன். மாதம் முப்பது பேர் வாங்குகிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கும் "பணம் போட்டாச்சு, ஃபைல் அனுப்புங்க அக்கா" என்று மெசேஜ். ஷாப்பிஃபை நல்லதா, கம்ரோடு நல்லதா?
*வாசகி, ஈரோடு*

பதில்: முதலில் ஒரு தாளை எடுங்கள். முப்பது பேர், தலைக்கு 149. மொத்தம் 4,470 ரூபாய்.

ஷாப்பிஃபையில் அடிப்படைத் திட்டத்துக்கே மாத வாடகை ஏறக்குறைய இரண்டாயிரம். வரவில் கிட்டத்தட்ட பாதி வாடகைக்கே போய்விடும். அவர்களுடைய சொந்தப் பணவசூல் சேவை இந்தியாவில் இல்லை. வாங்குபவரின் பணத்தை வசூலித்து நம் கணக்கில் சேர்க்கும் வெளி கேட்வே வைத்தால் விற்பனையில் 2 சதவீதம் அவர்களுக்கு, அது போக கேட்வேக்காரருக்குத் தனியாக.

கம்ரோடில் வாடகை கிடையாது. ஒவ்வொரு விற்பனைக்கும் 10 சதவீதமும் 50 சென்டும் எடுக்கிறார்கள், கார்டு கட்டணம் அது போகத் தனி. இந்த 50 சென்ட்தான் நம் ஆட்கள் கண்ணில் படுவதில்லை. நம் பணத்தில் நாற்பது ரூபாய்க்கு மேல்! உங்கள் 149 ரூபாயில் பதினைந்தும் நாற்பத்துச் சொச்சமும் போனால் மிஞ்சுவது தொண்ணூறு, கார்டு கட்டணம் அதிலும் கழியும். ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு அது உறைக்காது. 149 ரூபாய்ப் பொருளுக்கு உயிரே போய்விடும்.

உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோரும் இங்கேயே, யுபிஐயில் பணம் போடுகிறவர்கள். உங்களுக்கு டாலர் கடை எதற்கு? ரேஸர்பே மாதிரி ஒரு கேட்வேயில் பேமென்ட் பேஜ் ஒன்று போடுங்கள். பொதுவான கட்டணம் 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. உங்கள் 149 ரூபாய்க்கு மூன்றரை ரூபாய் ஆகிறது. பணம் கட்டியவரை நேராகக் கோப்பு இருக்கும் பக்கத்துக்குத் திருப்பிவிடலாம், நீங்கள் பதினோரு மணிக்குத் தூங்கலாம். பான் அட்டையும் வங்கி விவரமும் கேட்பார்கள், அதற்குச் சில நாள் ஆகும்.

அதுவரை வாட்ஸ்அப்பிலேயே ஓட்டுங்கள். ஆனால் பணம் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துக் கோப்பை அனுப்பாதீர்கள். போலி ஸ்கிரீன்ஷாட் தயாரிக்க ஆப்பே இருக்கிறது. உங்கள் வங்கிக் கணக்கில் பணம் விழுந்ததா என்று பாருங்கள். என் ஊறுகாய் மின்னூல் இப்படி ஒன்பது பேருக்கு ஓசியில் போனது.

கேள்வி: டிஜிட்டல் பொருள் விற்க எது பெஸ்ட்? உடனே பதில் போடவும்.
*வாசகர், சென்னை*

பதில்: என்ன பொருள், என்ன விலை, யாருக்கு என்று எழுதவில்லை. செருப்புக் கடைக்குப் போய், காலைக் காட்டாமல் சைஸ் கேட்கிறீர்கள்.

கேள்வி: வீணை ஆசிரியை நான். வர்ணம், கீர்த்தனை நொட்டேஷனும் அதற்கான ஒலிப்பதிவும் சேர்த்து 12 டாலருக்குக் கொடுக்கிறேன். மாணவர்கள் சிங்கப்பூர், அமெரிக்கா, ஜெர்மனியில். ஒரு மாணவியின் கணவர், "ஐரோப்பாவுக்கு விற்றால் அங்கே வரி கட்ட வேண்டும், பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பயமுறுத்திவிட்டார்.
*வாசகி, திருச்சி*

பதில்: பயமுறுத்தவில்லை அம்மா, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கும் தனிநபருக்கு, வெளிநாட்டிலிருந்து டிஜிட்டல் பொருள் விற்றால் முதல் விற்பனையிலிருந்தே அந்த நாட்டின் மதிப்புக்கூட்டு வரி உண்டு. இத்தனை வரை விலக்கு என்ற பேச்சே இல்லை. பிரிட்டனிலும் அப்படித்தான்.

அதற்காக நீங்கள் ஜெர்மனியில் ஆடிட்டர் தேட வேண்டாம். சட்டப்படி தாமே விற்பனையாளர் என்ற பொறுப்பை ஏற்று, வரியையும் தாமே வசூலித்துக் கட்டிவிடும் தளங்கள் இருக்கின்றன. மெர்ச்சன்ட் ஆஃப் ரெக்கார்ட் என்பார்கள். கம்ரோடு 2025 ஜனவரி முதல் அப்படி மாறிவிட்டது. லெமன் ஸ்குவீஸி ஆரம்பத்திலிருந்தே அப்படி. 5 சதவீதமும் 50 சென்டும் என்பது அவர்களுடைய அடிப்படைக் கட்டணம். 2024இல் அதை ஸ்ட்ரைப் என்ற பணவசூல் கம்பெனி வாங்கிவிட்டது.

ஈரோட்டு வாசகிக்கு வேண்டாம் என்று சொன்ன அதே கம்ரோடு உங்களுக்குச் சரிப்படும். 12 டாலரில் 1.70 அவர்களுக்கு, கார்டு கட்டணம் போக மீதி உங்களுக்கு, வரித் தலைவலி இல்லை. ஆனால் ஒன்று. ஆட்களை நீங்களே அழைத்து வந்தால்தான் இந்தக் கணக்கு. அவர்களுடைய சந்தைப் பக்கத்தில் பார்த்து ஒருவர் வாங்கினால் 30 சதவீதம் எடுப்பார்கள்.

சேருமுன், இந்தியாவில் உங்கள் வங்கிக் கணக்குக்குப் பணம் எந்த வழியாக வரும் என்று எழுதிக் கேட்டுப் பதில் வாங்குங்கள். ஸ்ட்ரைப் 2024 முதல் இந்தியாவில் அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும்தான் கணக்குத் தருகிறது. பேபால் 2021 ஏப்ரலோடு உள்நாட்டுப் பணம் வாங்குவதை நிறுத்திவிட்டது, வெளிநாட்டுப் பணம் மட்டும் வரும். டாலரை ரூபாயாக்கும்போது அவர்கள் தரும் விகிதத்தையும் பாருங்கள், அங்கேயும் கொஞ்சம் கசியும். பணம் வந்ததற்கான சான்றை மாதாமாதம் எடுத்து வையுங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராம் விளம்பரம் பார்த்து, "5,000 கோர்ஸ், 10,000 டிசைன், மறுவிற்பனை உரிமையுடன்" என்று 1,999 ரூபாய்க்கு ஒரு தொகுப்பு வாங்கினேன். அதை விற்கத் தளமும் போட்டேன். ஒரு வாரத்தில் காப்புரிமைப் புகார் வந்து என் கணக்கை முடக்கிவிட்டார்கள். விற்றவர் போனை எடுக்கவில்லை. வேலை இல்லாமல் இருக்கும்போது கடன் வாங்கிப் போட்ட பணம்.
*வாசகர், விழுப்புரம்*

பதில்: தம்பி, முதலில் வெட்கப்படுவதை நிறுத்துங்கள். இந்த வலை வேலை தேடுகிறவர்களைப் பார்த்துத்தான் வீசப்படுகிறது. அந்தக் கோர்ஸ்கள் யாரோ உழைத்துச் செய்தவை. திருடியதை ஒரு டிரைவில் போட்டு, "உரிமை" என்று ஒரு தாளையும் சேர்த்து உங்களுக்கு விற்றிருக்கிறார்கள். அவர்களுக்கே இல்லாத உரிமையை உங்களுக்கு எப்படித் தர முடியும்?

தொகுப்பில் ஒன்றைக்கூட இனி விற்காதீர்கள். அந்த நிமிடத்திலிருந்து ஏமாந்தவர் என்பது போய் ஏமாற்றியவர் பட்டியலில் நீங்களும் வந்துவிடுவீர்கள். விளம்பரம், பணம் போன யுபிஐ எண், உரையாடல் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்து இன்றே 1930க்கு அழையுங்கள், சைபர் குற்றப் புகாருக்கான எண் அது. உங்கள் வங்கியிலும் எழுத்தில் புகார் கொடுங்கள். முடக்கிய தளத்துக்கு, "நான் ஏமாற்றப்பட்டேன், எல்லாவற்றையும் நீக்கிவிட்டேன்" என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். பணம் திரும்பும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். சீக்கிரம் சொன்னால் வாய்ப்பு கூடும், அவ்வளவுதான்.

கேள்வி: டிஎன்பிஎஸ்சி குறிப்புகளை விற்கிறேன். இரண்டே நாளில் டெலிகிராமில் இலவசமாக ஓடுகிறது. பூட்டுப் போடுகிற தளம் எது?
*வாசகர், மதுரை*

பதில்: முழுப் பூட்டு எங்கும் கிடையாது. திரையை இன்னொரு போனை வைத்துப் படம் பிடித்தால் முடிந்தது. வாங்குபவரின் மின்னஞ்சலை ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிட்டுக் கொடுக்கும் வசதி கம்ரோடு, பேஹிப் என்ற இரண்டு தளங்களிலும் உண்டு. தன் பெயர் போட்டதைப் பரப்பக் கொஞ்சம் கை நடுங்கும். நடப்பு நிகழ்வுகளை வாராவாரம் புதுப்பித்துச் சந்தாதாரருக்கு மட்டும் அனுப்புங்கள்; திருடியவனிடம் போன வாரத்துச் சரக்குதான் இருக்கும்.

கேள்வி: ஆன்லைன் வகுப்புத் தளம் ஒன்றில் 14 நாள் இலவசம் என்று சேர்ந்தேன். கார்டு எண் கேட்டார்கள், கொடுத்தேன். மறந்துவிட்டேன். ஒரு வருடச் சந்தா 11,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். ரத்து செய்ய பட்டனே காணோம்.
*வாசகி, நாகர்கோவில்*

பதில்: இதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்த அழுத்தம் ஏறும் என்று வீட்டில் சொல்கிறார்கள். ஏறட்டும்.

இலவசம் என்றால் கார்டு எதற்கு? கோயில் பிரசாதம் வாங்கப் போனவரிடம் வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொள்வது போல இருக்கிறது. சேரும் பட்டன் திரை முழுக்கப் பச்சையாக மின்னும். விலகும் பட்டனுக்கு அமைப்புகள், கணக்கு, பில்லிங், அப்புறம் "நிஜமாகவே போகிறீர்களா?" என்று ஒரு அழுமூஞ்சிப் படம், கடைசியில் "எங்கள் குழுவுக்கு மெயில் அனுப்புங்கள்". சேர மெயில் அனுப்பச் சொன்னார்களா? இது கவனக்குறைவில் நடந்த வடிவமைப்பு இல்லை. யாரோ உட்கார்ந்து யோசித்துச் செய்தது.

நம் நாட்டில் இதற்கு விதி இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று டார்க் பேட்டர்ன்களை, அதாவது வாங்குபவரை ஏமாற்றும் திரைத் தந்திரங்களைத் தடுக்கும் வழிகாட்டுதல்களைக் கொண்டுவந்தது. பதின்மூன்று தந்திரங்களைப் பட்டியலிட்டிருக்கிறார்கள். இலவசச் சேவைக்குச் சேரவே கார்டு விவரமும் தானாகப் பணம் பிடிக்கும் ஒப்புதலும் கேட்பதும், ரத்து செய்வதைச் சிக்கலாக்குவதும் அதில் "சந்தாப் பொறி" என்ற தலைப்பில் வருகின்றன. உங்களுக்கு நடந்தது அப்படியே அதுதான்.

இன்னொன்று, 2021 அக்டோபர் முதல், கார்டில் தானாகப் பிடிக்கும் தொகைக்கு 24 மணி நேரம் முன்னால் தகவல் வர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. உங்கள் குறுஞ்செய்திகளைத் தேடுங்கள். வரவில்லை என்றால் வங்கியிடம் அதையே புகாராக எழுதுங்கள். வந்திருந்தால் அது பக்கத்திலேயே ரத்து செய்யும் வழியும் இருந்திருக்கும், நீங்கள் படிக்கவில்லை, அதற்கு நான் என்ன செய்ய? வங்கியின் ஆப்பில் அந்த அனுமதியை இன்றே நீக்குங்கள். யுபிஐ வழியாகக் கொடுத்தவர்கள் ஆப்பில் ஆட்டோபே பகுதியைத் திறந்து பாருங்கள். நான் போன வருடம் திறந்தபோது, எப்போதோ சேர்ந்த ஒரு புகைப்படத் திருத்த ஆப் மாதம் 299 தின்றுகொண்டிருந்தது. எட்டு மாதமாக! ஊருக்கு உபதேசம் எழுதுகிறவள் வீட்டில்.

தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுதுங்கள். மின்வணிக விதிகள் 2020இன்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகர்வில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

கேள்வி: வெப்சைட் செய்ய ஒரு ஏஜென்சிக்கு 45,000 கொடுத்தேன். நான்கு மாதமாக இழுக்கிறார்கள். டொமைன், அதாவது தளத்தின் முகவரி, அவர்கள் பெயரில் இருக்கிறதாம். எல்லாம் போனில்தான் பேசினோம். தெரிந்தவர் மூலம் வந்தவர்கள் என்பதால் ரசீது கேட்கவில்லை.
*வாசகர், கோவை*

பதில்: கத்தரிக்காய் வாங்கினால்கூட நான்கைப் புரட்டிப் பார்க்கிறோம். 45,000 ரூபாயை ரசீது இல்லாமல், கடையின் பெயர்ப்பலகையை அடுத்தவர் பெயரில் எழுத விட்டுக் கொடுத்திருக்கிறீர்கள். டொமைன் வருடத்துக்குச் சில நூறோ ஆயிரத்துச் சொச்சமோ ஆகும், உங்கள் மெயிலில் நீங்களே வாங்கியிருக்க வேண்டியது. பத்து நிமிட வேலை.

சரி, நடந்தது நடந்தது. வங்கிப் பரிமாற்றமும் வாட்ஸ்அப் பேச்சும் ஆதாரம்தான், அழித்துவிடாதீர்கள். பதினைந்து நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ். டொமைனை மாற்றிக் கொடு, வேலையை முடி, இல்லை பணத்தைத் திருப்பு. வியாபாரத்துக்கு வாங்கியதால் நுகர்வோர் இல்லை என்று அவர்கள் வாதாடுவார்கள். பிழைப்புக்காகச் சுயதொழில் செய்கிறவர் அதற்கென்றே வாங்கினால் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, நுகர்வோர் வழக்குக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் பதியலாம். வழக்குப் போட இரண்டு வருடக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது.

தெரிந்தவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள், கமிஷன் எவ்வளவு என்று.

கேள்வி: என் நாவலைக் கிண்டிலில் போட்டால் 70 சதவீதம் என்றார்கள், 35தான் வருகிறது. மோசடியா?
*வாசகர், தஞ்சாவூர்*

பதில்: இல்லை. இந்தியாவில் விற்பதற்கு 70 வேண்டுமென்றால் கேடிபி செலக்ட் என்ற கிண்டிலின் தனித் திட்டத்தில் சேர வேண்டும். சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூலை வேறெங்கும் விற்க முடியாது, உங்கள் சொந்தத் தளத்தில்கூட. வேறெங்கும் விற்காதவருக்கு அது நல்ல பேரம். விதிமுறைப் பக்கத்தில் எழுதியிருக்கிறது, நாவல் எழுதப் பொறுமை இருந்தவருக்கு அதைப் படிக்க இல்லையா?

கேள்வி: ஜிஎஸ்டி எண் இல்லாமல் விற்கலாமா?
*வாசகி, கரூர்*

பதில்: டிஜிட்டல் பொருள் சேவைக் கணக்கில் வரும். ஆண்டு வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை பொதுவாக வேண்டாம். தாண்டுகிற நாள் வந்தால் ஆடிட்டருக்கு முன்னால் எனக்கு ஒரு இனிப்புப் பெட்டி.

கேள்வி: கடை போடும் மென்பொருள் ஒன்று, ஒரே தடவை 5,900 கட்டினால் ஆயுள் முழுக்க என்கிறார்கள். லைஃப்டைம் டீல் வாங்கலாமா அக்கா?
*வாசகர், திருநெல்வேலி*

பதில்: நான் வாங்கினேன். அந்தக் கம்பெனியின் ஆயுள் பதினான்கு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை தளம் திறக்கவில்லை. மெயில் போட்டேன், திரும்பி வந்துவிட்டது. வாங்கியவர்களின் மின்னஞ்சல் பட்டியல் அதனுள்ளேயே போய்விட்டது. ஆவக்காய் அளவைத் திருத்திய இரண்டாம் பதிப்பை யாருக்கு அனுப்புவதென்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.