அந்த 85 எங்கிருந்து வருகிறது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

கொரோனா சமயத்தில் அம்மாவுக்காக வாங்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இன்னும் வீட்டில் இருக்கிறது. விரலை அசைக்காமல் வைத்தால் 97, 98 காட்டும். அம்மா கையை ஆட்டி ஆட்டிப் பேசினால் மளமளவென இறங்கி 85 பக்கம் வந்து நிற்கிறது. ஊசி குத்தாமல் ஒரு விளக்கு எப்படி ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனை அளக்கிறது? அதிலும் ஏன் 85?

– எஸ்., கரூர்

அன்புள்ள எஸ்.,

அம்மா அசையாமல் இருக்கும்போது வருவதைக் குறித்துக்கொள்ளுங்கள். கை ஆடும்போது வரும் 85 அவருடையது அல்ல.

கிளிப்புக்குள் ஒரு பக்கம் இரண்டு எல்.இ.டி.கள் இருக்கும். ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, மற்றது 940 பக்கம் உள்ள அகச்சிவப்பு. எதிரே, வந்து சேரும் ஒளியை உணரும் சிலிக்கான் ஃபோட்டோடையோடு. விளக்குகள் மாறி மாறி மின்னும். நம் கண்ணுக்குச் சிவப்பு மட்டும்தான் தெரியும். செல்போனின் முன்பக்கக் கேமராவை உள்ளே நீட்டிப் பாருங்கள், பல போன்களில் மங்கலான ஊதாப் பொட்டு ஒன்று தெரியும். அதுதான் இன்னொன்று. ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமப்பது ஹீமோகுளோபின்; அதில் எத்தனை சதவீதத்தில் ஆக்ஸிஜன் ஏறியிருக்கிறது என்பதுதான் கருவி காட்டும் எண். ஆக்ஸிஜன் ஏறிய ஹீமோகுளோபின் சிவப்பைப் பெரும்பாலும் விட்டுவிடும், அகச்சிவப்பைக் கொஞ்சம் கூடுதலாக விழுங்கும். ஏறாதது இதற்கு நேர்மாறு.

சரி, விரலில் தோல், எலும்பு, சிரை ரத்தம் எல்லாம்தானே குறுக்கே இருக்கின்றன? ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தின் டகுவோ அவோயாகி, ரத்தத்தில் சாயம் செலுத்தி, காது மடலில் ஒளி பாய்ச்சி, இதயம் இறைக்கும் ரத்தத்தை அளக்க முயன்றுகொண்டிருந்தார். நாடித்துடிப்பு அவருடைய வரைகோட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் தொல்லையை ஒழிக்கப் போனவருக்குத்தான், துடிப்பது தமனி ரத்தம், அதை மட்டும் பிரித்தெடுத்தால் போதும் என்று பிடிபட்டது. அதை அவர் 1974இல் அறிவித்தார். வந்து சேரும் ஒளியில் அந்தத் துடிப்பின் பங்கு 1, 2 சதவீதம் இருந்தால் அதிகம். அவருடைய கருவியில் இருந்தது பல்பு, எல்.இ.டி. வந்த பிறகுதான் அது இப்படி விரல் நுனியில் கவ்வுமளவுக்குச் சிறுத்தது.

இப்போது உங்கள் 85. சிவப்பில் துடிக்கும் பங்கை அகச்சிவப்பில் துடிக்கும் பங்கால் கருவி வகுக்கிறது. விடை 1 என்றால் ஏறக்குறைய 85 என்று அதன் அட்டவணையில் இருக்கிறது. கை ஆடினால் இரண்டு ஒளியும் ஒன்றுபோலவே குலுங்குகின்றன. விடை 1 பக்கம் போய்விடுகிறது.

அந்த அட்டவணை காகிதத்தில் கணக்குப் போட்டு வந்ததல்ல. ஆரோக்கியமானவர்களை ஆக்ஸிஜன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, தமனியிலிருந்து ரத்தம் எடுத்துச் சோதித்து எழுதியது. ஊசி குத்தாமல் என்கிறீர்கள். வேறு யாருக்கோ ஏற்கெனவே குத்தியாகிவிட்டது! அவர்கள் தோல் என்ன நிறம் என்பதும் முக்கியம். 2020இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தபோது, கருவி 92 முதல் 96 வரை காட்டிய நேரங்களில் உண்மையில் 88க்கும் கீழே இருந்தது, கருப்பின நோயாளிகளிடம் 11.7 சதவீதம், வெள்ளையரிடம் 3.6.

அதனால் அம்மாவுக்கு மூச்சு வாங்கினால், 95 காட்டுகிறதே என்று வீட்டில் இருந்துவிடாதீர்கள். அப்புறம், நகப்பூச்சு இருந்தால் அழித்துவிட்டு மாட்டுங்கள்.