விண்டோஸ் 10-லிருந்து 11-க்குப் போகும் முன்: எம்பிஆர்2ஜிபிடி மறுக்கிறதே?

அண்ணாச்சி, டிஸ்க்கைப் பழைய எம்பிஆர் அமைப்பிலிருந்து யுஇஎஃப்ஐ பூட்டுக்கு வேண்டிய ஜிபிடி-க்கு மாற்றும் எம்பிஆர்2ஜிபிடி கருவி, “டிஸ்க் லேஅவுட் வேலிடேஷன்” (டிஸ்க் அமைப்புச் சோதனை) தோற்றதென்று மறுப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். சிஸ்டம் ரிசர்வ்டு, சி, ரெக்கவரி, டி என்று நாலு பிரைமரி பார்ட்டிஷன் (டிஸ்க்கின் முதன்மைப் பிரிவு) இருப்பதாகப் போட்டிருக்கிறீர்கள். அந்தச் சோதனை தோற்பது அதனால்தான். எம்பிஆர்2ஜிபிடி மூன்றுக்கு மேல் ஏற்காது. எக்ஸ்டெண்டெட், லாஜிக்கல் என்ற வேறு வகைப் பார்ட்டிஷன்கள் இருந்தாலும் ஏற்காது.

முதலில் மதர்போர்டு யுஇஎஃப்ஐ பூட் (பழைய பயாஸ் பூட்டுக்குப் பதில் வந்த புதிய முறை) தருமா, ப்ராசஸரும் டிபிஎம் 2.0-வும் (பாதுகாப்புச் சிப்) 11-க்குத் தகுதியா என்று பாருங்கள். யுஇஎஃப்ஐ இல்லாத போர்டில் மாற்றினால் மெஷின் பூட்டே ஆகாது. சி-யிலும் டி-யிலும் உள்ளதை வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்துவையுங்கள்.

எளிய வழி, டி-யை அழித்துவிடுவது. ரெக்கவரியை அழிப்பவர்கள் உண்டு. அதற்கு முன்பே ரீஏஜென்ட்சி /டிஸேபிள் (ரெக்கவரி வசதியை நிறுத்தும் கட்டளை) கொடுக்க வேண்டும், அந்த வம்பு எதற்கு? பிட்லாக்கர் (டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் குறியாக்கம்) இருந்தால் தற்காலிகமாக சஸ்பெண்ட் செய்யுங்கள்.

அட்மின் கமாண்ட் ப்ராம்ப்ட்டில் எம்பிஆர்2ஜிபிடி /வேலிடேட் /அலோஃபுல்ஓஎஸ் (ஆங்கில எழுத்தில் அடிக்கணும்). இது எதையும் தொடாது. தேறினால் /வேலிடேட் இடத்தில் /கன்வெர்ட். ஒன்றுக்கு மேற்பட்ட டிஸ்க் இருந்தால் /டிஸ்க்:0 மாதிரி எண்ணையும் சேருங்கள். செங்கோட்டைப் பக்கம் சாரல் நேரத்துக் கரண்டை நம்பாதீர்கள், யுபிஎஸ்ஸில் ஓட்டுங்கள்.

முடிந்ததும் விண்டோஸுக்குள் போகாமல் நேராக பயாஸ்: சிஎஸ்எம் (பழைய பயாஸ் பூட் முறை) ஆஃப், யுஇஎஃப்ஐ ஆன். பலர் இதை மறந்துவிட்டு “டிஸ்க் போச்சு” என்று அலறுவார்கள். பிறகு காலியான இடத்தில் டி-யைத் திரும்ப உருவாக்கிக்கொள்ளலாம்.