அந்நியபாஷை வராதவர் அரைக் கிறிஸ்தவரா?

கேள்வி: நான் பிறந்ததிலிருந்து தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள். பல வருடமாக ஓய்வுநாள் பாடசாலையில் சிறுவர்களுக்குப் படிப்பிக்கிறேன். அக்கா ஒரு புதிய சபைக்குப் போகத் தொடங்கியதிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. அந்நியபாஷை, அதாவது ஆவியின் ஏவுதலால் தான் படிக்காத மொழி, பேசாதவருக்குப் பரிசுத்த ஆவி இல்லை, உன்னுடையது பெயர்க் கிறிஸ்தவம் என்கிறார். அங்கே வந்த வெளிநாட்டு ஊழியர் ஒருவர், என் மகனுக்குக் கனடா விசா கிடைக்கும், அதற்கு விசுவாசத்தோடு ஒரு காணிக்கை விதைக்க வேண்டும் என்று தீர்க்கதரிசனம் சொன்னாராம். அம்மாவுக்குச் சீனி வருத்தம். ஜெபித்தாயிற்று, இனி இன்சுலின் போடுவது அவிசுவாசம் என்று அதையும் அக்கா நிறுத்தி வைத்திருக்கிறார். எங்கள் சபைப் போதகர் ஐயாவிடம் கேட்டால், அந்நியபாஷை போன்ற ஆவியின் வரங்கள் எல்லாம் அப்போஸ்தலர் காலத்தோடு முடிந்துவிட்டன, அந்தப் பக்கம் போகாதே என்கிறார். எனக்கு ஒரு வரமும் இல்லையா? வாசிக்கத் தடுமாறுகிற ஒரு பொடியனை மற்றப் பிள்ளைகள் போன பிறகு இருத்தி வசனம் சொல்லிக்கொடுப்பேன். அதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. நானும் ஒருமுறை அங்கே போய்ப் பார்க்கட்டுமா?
— வாசகி ஒருவர், மானிப்பாய்

பதில்: முதலில் அம்மாவின் ஊசி. உங்கள் கேள்விகளில் நாள் தள்ள முடியாதது அது ஒன்றுதான். நிறுத்தி எவ்வளவு நாள் என்று நீங்கள் எழுதவில்லை. அதனால் வீட்டில் நீங்களே அளவு பார்த்துப் போடப் போகாமல், இன்றைக்கே ஒரு ஓட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அக்கா கோபிப்பார். கோபிக்கட்டும். இன்சுலின் இல்லாமல் முடியாத உடம்பில் அதை நிறுத்தினால் இரத்தத்தில் அமிலம் கூடி, சில நாளுக்குள்ளேயே நினைவிழக்கச் செய்துவிடலாம். அந்த அமிலத்துக்கு விசுவாசி, அவிசுவாசி என்ற பேதம் தெரியாது.

அக்காவோடு வேதத்தைத் திறந்து வைத்துக்கொண்டே கதைக்கலாம், பயப்பட வேண்டாம். பவுலின் கையால் எத்தனையோ பேர் சுகமானார்கள். அதே பவுல்தான் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியோடு விட்டுவிட்டு வந்ததாக எழுதுகிறார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவுக்கு அடிக்கடி வயிற்றுக் கோளாறு. உனக்கு விசுவாசம் போதாது என்றா எழுதினார்? தண்ணீர் மட்டும் குடியாமல் கொஞ்சம் திராட்சரசமும் சேர்த்துக்கொள் என்று கைவைத்தியம் சொன்னார். தன் மாம்சத்தில் இருந்த முள்ளுக்காக அவரே மூன்றுதரம் வேண்டிக்கொண்டார், முள் போகவில்லை. அவரோடு கூடத் திரிந்த லூக்கா ஒரு வைத்தியர். நோயாளிக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி மூப்பர்களை அழைக்கச் சொல்கிறார் யாக்கோபு. மருந்துப் போத்தலை எறியச் சொல்லவில்லை. அம்மாவுக்காக அக்கா இரவிரவாக ஜெபிக்கட்டும், நீங்களும் பக்கத்தில் முழங்காலில் நில்லுங்கள். ஊசியும் அதன் நேரத்துக்குப் போகட்டும்.

அதிலும் நீங்கள் எழுதியிருப்பது மானிப்பாயிலிருந்து! 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியம் தொடங்கிய ஜோன் ஸ்கடரும், 1847இல் வந்து உங்கள் ஊரில் தமிழ்ப் பொடியன்களுக்கு வைத்தியம் படிப்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனும் மிஷனரிகள். கிறீன் தமிழைப் படித்து, ஆங்கில வைத்திய நூல்களைத் தமிழுக்குக் கொண்டுவந்து, வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். இவர்கள் ஜெபிக்கத் தெரியாமலா மருந்து கலக்கினார்கள்? கிறீனின் பெயரில் இன்றும் நிற்கிற ஆஸ்பத்திரியைத் தாண்டித்தான் உங்கள் ஊர்க்காரர் பலர் சுகமளிக்கும் கூட்டங்களுக்குப் போகிறார்கள்.

அடுத்தது காசு. இதில் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. விசாவை விற்கிறவர் தீர்க்கதரிசி இல்லை, காணிக்கை என்று பெயர் வைத்தாலும் அது விற்பனைதான். சமாரியாவில் சீமோன் என்பவன் ஆவியின் வரத்தைக் காசு கொடுத்து வாங்கப் பார்த்தான். உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப் போகக்கடவது என்று பேதுரு அவன் முகத்துக்கு நேரே சொன்னார் (அப்போஸ்தலர் 8). வாங்க வந்தவனுக்கே அந்தப் பேச்சு என்றால் விற்க வந்தவருக்கு என்ன கிடைத்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஆதித் திருச்சபைக்கு இந்தத் தொல்லை நன்றாகவே பழக்கம். ‘டிடாக்கே’ என்று ஒரு பழைய சபை ஒழுங்குநூல் இருக்கிறது. பல காலம் காணாமற்போய், 1873இல் கொன்ஸ்தாந்திநோப்பிளில் கையெழுத்துப் பிரதியாகக் கண்டெடுக்கப்பட்டது. ஊர் ஊராக வரும் ஊழியக்காரரை ஆண்டவரைப் போல ஏற்றுக்கொள், ஆனால் மூன்று நாள் தங்கினால் அவர் கள்ளத் தீர்க்கதரிசி என்கிறது அது. காசு கேட்டாலும் அப்படித்தான். ஆவியில் நின்று ‘எனக்குப் பணம் தா’ என்பவருக்குச் செவிகொடுக்காதே, இல்லாதவர்களுக்குக் கொடு என்று கேட்டால் அவரைக் குறை சொல்லாதே என்று இன்னும் ஒரு படி விளக்குகிறது. நம்முடைய சபைக் கதவுகளில் ஒட்டி வைக்கலாம்.

தீர்க்கதரிசனம் எப்படியிருக்க வேண்டும் என்று பார்க்க விரும்பினால் அப்போஸ்தலர் 11ஐ வாசியுங்கள். பஞ்சம் வரப்போகிறது என்று அகபு சொன்னார். கேட்டவர்கள் உடனே என்ன செய்தார்கள்? அவரவர் தகுதிக்குத் தக்கதாகப் பணம் சேர்த்து யூதேயாவில் இருந்த சகோதரருக்கு அனுப்பினார்கள். அங்கேயும் காசு கைமாறியதுதான், ஆனால் அது பசித்தவன் பக்கம் போனது.

இனி அந்நியபாஷை. இது பெந்தெகொஸ்தேக்காரர் விவகாரம் என்று கத்தோலிக்க வாசகர்கள் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். 1967இல் அமெரிக்காவில் தொடங்கிய, ஆவியின் வரங்களை நாடும் அருங்கொடை இயக்கத்தோடு அவர்களுடைய தியானக் கூட்டங்களுக்கும் இது வந்துவிட்டது. அக்கா சொல்கிறபடி எல்லாரும் பேசத்தான் வேண்டும் என்றால், 1 கொரிந்தியர் 12இல் பவுல் ஏன் ‘எல்லாரும் அந்நியபாஷைகளைப் பேசுகிறார்களா?’ என்று கேட்கிறார்? இல்லை என்ற பதிலை எதிர்பார்த்துத்தான் அப்படிக் கேட்கிறார். இதைக் கேட்பவர், உங்கள் எல்லாரையும்விட நான் அதிகம் பேசுகிறேன் என்று இரண்டு அதிகாரம் தள்ளிச் சொல்பவர். வரம் கிடைக்காத எரிச்சலில் எழுதியதென்று தள்ளிவிட முடியாது. அவரே, சபையில் அந்நியபாஷையில் பதினாயிரம் வார்த்தைகளைவிட மற்றவருக்கு விளங்குகிற ஐந்து வார்த்தை எனக்கு மேல் என்கிறார். இரண்டு பேர், மிஞ்சினால் மூன்று பேர், அதுவும் ஒருவர் பின் ஒருவராகப் பேசட்டும், அர்த்தம் சொல்ல ஆளில்லாவிட்டால் சபையில் பேசாமலிருக்கட்டும் என்று ஒழுங்கும் வைக்கிறார். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் மைக்கோடும் மைக் இல்லாமலும் பேசுகிற மண்டபத்தில் இந்த வசனங்களை யாராவது வாசித்துக் கேட்டிருக்கிறீர்களா?

அதற்காக உங்கள் ஐயா சொல்வதும் நிற்காது. ‘நிறைவானது வரும்போது குறைவானது ஒழிந்துபோம்’ என்ற வசனத்தைப் பிடித்துக்கொண்டு, வேதாகமம் எழுதி முடிந்ததோடு நிறைவானது வந்துவிட்டது என்பார்கள். இரண்டு வசனம் தள்ளி, அப்போது முகமுகமாய்ப் பார்ப்போம் என்று இருக்கிறதே. நாம் யாரை முகமுகமாய்ப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்? இது வெள்ளைக்காரர் கொண்டுவந்த புதுச் சரக்கு என்று நினைப்பவர்களுக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் அசூசா வீதியில் 1906இல் பெந்தெகொஸ்தே எழுப்புதல் தொடங்கியது என்று படிக்கிறோம். அதற்கு நாற்பத்தைந்து வருடத்துக்கு மேல் முன்னதாக, 1860இல், திருநெல்வேலிப் பக்கத்தில் ஜோன் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற தமிழ் ஊழியரின் சபைகளில் அந்நியபாஷையும் தீர்க்கதரிசனமும் உண்டானதாக அந்தக் காலத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். ஆவியானவர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு போய்விட்டார் என்று முடிவு கட்ட எனக்குத் துணிவில்லை. ஐயாவுக்கு இருக்கிறது போலும்.

ஐயாவையும் அவர் சபையையும் இன்னும் கொஞ்சம் கேட்க வேண்டியிருக்கிறது. வரங்களைப் பற்றிப் பேசும் பன்னிரண்டாம் அதிகாரத்தைக் கொரிந்து சபை வாசித்தது பதினோராம் அதிகாரத்துக்குப் பிறகு. அதில் என்ன இருக்கிறது? கர்த்தருடைய பந்திக்குக் கூடிவந்த இடத்தில் வசதியுள்ளவர்கள் முந்திச் சாப்பிட்டுவிடுகிறார்கள், இல்லாதவர்கள் பசியோடு இருக்கிறார்கள். அந்த அசிங்கத்தைத் திட்டிவிட்டுத்தான், கண் கையைப் பார்த்து நீ எனக்கு வேண்டாம் என்று சொல்லக்கூடாது என்று எழுதுகிறார் பவுல். நம்முடைய பழைய சபைகளில் முன்வாங்கு யாருடையது, வட்டாரக் கூட்டத்தில் யார் வாய் திறக்கலாம், கலியாணப் பேச்சில் ‘ஆக்கள் எப்படி’ என்று எதை விசாரிக்கிறார்கள் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். தகரக் கொட்டகைச் சபைகளுக்குப் போனவர்களைக் கேட்டுப் பாருங்கள். அந்நியபாஷைக்காகப் போனோம் என்பவர்கள் குறைவு. அங்கே பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், வீட்டுக்கு வந்தார்கள், சாட்சி சொல்ல எழும்பச் சொன்னார்கள் என்பதுதான் கதை. உங்கள் அக்காவும் அப்படித்தானோ என்னவோ, கேட்டுப் பார்த்தீர்களா? ‘அந்தப் பக்கம் போகாதே’ என்று சொல்ல முந்தி, இந்தப் பக்கம் அவருக்கு என்ன இருந்தது என்று ஐயா ஒருதரம் யோசித்திருக்கலாம்.

புதுச் சபையில் மேடையில் நிற்கிற ஒருவருக்கே எல்லா வரமும். பழைய சபையில் ஜெபம், பிரசங்கம், நோயாளி சந்திப்பு, பிரேத ஆராதனை, கணக்கு எல்லாமே ஐயா ஒருவருக்கு, மற்றவர்கள் வாங்கில் இருந்து பார்க்க வேண்டியவர்கள். ஆவியினுடைய அநுக்கிரகம் ஒவ்வொருவனுக்கும் பிரயோஜனத்துக்கென்று அளிக்கப்பட்டிருக்கிறது என்ற வசனத்தை இரண்டு இடத்திலும் சுவரில் எழுதியிருப்பார்கள். அந்த ‘ஒவ்வொருவனும்’ எங்கே என்றுதான் காணவில்லை.

இப்போது உங்களைக் கொஞ்சம் ஏச வேண்டும். எனக்கு ஒரு வரமும் இல்லையா என்று கேட்டுவிட்டு, அடுத்த வரியிலேயே பதிலையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதுவும் ஒன்றுமில்லை என்ற தோரணையில். ரோமர் 12இல் பவுல் தரும் பட்டியலில் போதிக்கிறவன் இருக்கிறான், பகிர்ந்து கொடுக்கிறவன் இருக்கிறான், உற்சாகத்தோடு இரக்கம் செய்கிறவன் இருக்கிறான். அந்தப் பட்டியலில் அந்நியபாஷை இல்லவே இல்லை. கொரிந்தியர் பட்டியலில் அது இருக்கிறது, கடைசியில். வாசிக்கத் தடுமாறுகிற பிள்ளையை மற்றவர்கள் சிரிக்காதபடி, எல்லாரும் போகும்வரை பார்த்திருந்து, பிறகு பக்கத்தில் இருத்திப் படிப்பிக்க எந்தப் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்தார்கள்?

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்துக்குப் பயந்து வலிகாமமே நாவற்குழிப் பாலத்தால் நடந்து இடம்பெயர்ந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள், வயது இருந்தால். தென்மராட்சியில் பள்ளிக்கூடம், கோயில், தேவாலயம் எல்லாம் சனத்தால் நிரம்பின. கிடாரத்தில் கஞ்சி காய்ச்சியவர்கள், யாருடைய பிள்ளை எங்கே என்று கொப்பியில் பெயர் எழுதி வைத்தவர்கள், கிழடுகளுக்குப் பாய் தேடியவர்கள் யாரும் தங்களுக்கு வரம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. பவுலின் பட்டியலில் ஊழியங்கள், ஆளுகைகள் என்று வருவது அவர்களைத்தான் என்று நான் நினைக்கிறேன். வேறு அர்த்தம் தெரிந்தவர்கள் எழுதுங்கள், போடுகிறேன்.

போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டீர்கள். தாராளமாகப் போங்கள், ஒரு ஆராதனைக்குப் போய் இருந்தால் குடி முழுகிப் போகாது. ஐயாவிடம் சொல்லிவிட்டே போங்கள், ஒளித்துப் போகத் தேவையில்லை. அங்கே உள்ள பாஸ்டரிடம் மரியாதையாக மூன்று விஷயம் கேளுங்கள். அந்நியபாஷைக்கு இங்கே அர்த்தம் சொல்கிறவர் யார்? தீர்க்கதரிசனத்தை மற்றவர்கள் நிதானிக்க வேண்டும் என்று பவுல் சொல்கிறாரே, இங்கே நிதானிக்கிறவர் யார்? காணிக்கைக் கணக்கை யார் பார்க்கிறார்கள்? நேராகப் பதில் சொல்கிற போதகர்களும் இருக்கிறார்கள், அப்படிப்பட்டவர் என்றால் அக்காவைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். இன்சுலின் விஷயத்தையும் அவரிடமே சொல்லி, அக்காவோடு அவரைக் கதைக்கச் சொல்லலாம். அபிஷேகம் பண்ணப்பட்டவரைக் கேள்வி கேட்கிறாயா என்று முகம் சிவந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்துவிடுங்கள், அக்காவையும் விடாமல் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள்.

ஆனால் ஞாயிறு காலையில் என்றால் உங்கள் வகுப்பை யார் எடுப்பது? பின்னேர ஆராதனை இருக்கிறதா என்று அக்காவிடம் முதலில் கேட்டு வையுங்கள்.