டெனெரிஃபேல நர்ஸ் வேலை கிடைக்குமாக்கா?

கேள்வி: அக்கா, வீட்டுக்காரருக்கு டெனெரிஃபே தீவுல ஹோட்டல் வேலை, நானும் வந்து 3 மாசமாச்சு. பி.எஸ்சி நர்சிங், மதுரைல 6 வருஷ அனுபவம். ஸ்பானிஷ் சுத்தமா வராது. இங்க நர்ஸா சேர முடியுமா?

பதில்: முடியும் தங்கச்சி, ஆனா உடனே இல்ல. டெனெரிஃபே ஸ்பெயினோட தீவு, ஸ்பெயின் சட்டம்தான் அங்கயும், அதனால உங்க டிகிரிய மாட்ரிட்ல இருக்குற பல்கலைக்கழக அமைச்சகம் அங்கீகரிக்கணும், அதுக்குப் பேரு ஓமோலோகாசியோன், 6 மாசம்னு விதி இருக்கு ஆனா இழுக்கும் பாருங்க, வருஷக்கணக்குல கூட இழுக்கும், அதனால இன்னைக்கே ஆரம்பிங்க. சர்டிபிகேட், மார்க் ஷீட் எல்லாத்துக்கும் இந்தியாவுல அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டுல செல்லும்படி அரசு உறுதி பண்ற முத்திரை) வாங்கணும் (அம்மா அப்பாகிட்ட சொல்லி ஊர்லயே முடிச்சிருங்க), அப்புறம் அரசு அங்கீகாரம் உள்ள மொழிபெயர்ப்பாளர்கிட்ட ஸ்பானிஷ்ல மாத்தணும். அங்கீகாரம் வந்ததும் நர்சுகளோட கொலேஹியோல, அதாவது அவங்க தொழில் அமைப்புல, பதிவு பண்ணனும், அது கட்டாயம்.

மொழிதான் பெரிய மலை. ஸ்பானிஷ்ல பி2 லெவல் வேணும், அதாவது ஓரளவு சரளமா பேசிப் புரிஞ்சுக்குற அளவு. புக்ல படிச்சா மட்டும் பத்தாது, அந்தத் தீவுக்காரங்க கடைசி 'ஸ்'ஸ முழுங்கிருவாங்க, பஸ்ஸ குவாகுவாம்பாங்க, பாட்டி வலி எங்கனு சொல்றது புரியணும்ல!

அரசு ஆஸ்பத்திரி நிரந்தர வேலைக்குக் குடியுரிமை சிக்கல் வரும். தெற்குப் பக்கம் டூரிஸ்ட் வர்ற தனியார் கிளினிக்ல உங்க இங்கிலீஷுக்கு மதிப்பு உண்டு, முதல்ல அங்க கேளுங்க. விசால வேலை பாக்க அனுமதி இருக்கானும் பாத்துக்கோங்க.