வலி நின்றதும் ஓடத் தொடங்கலாமா? – மருத்துவர் பதில்

கேள்வி: எனக்கு வயது 58. மூட்டுத் தேய்மானத்தால் வலது இடுப்பு மூட்டை மாற்றி ஏழு வாரங்கள் ஆகின்றன. பின்பக்கமாகத் திறந்து, சிமென்ட் இல்லாத மூட்டைப் பொருத்தியிருப்பதாக மருத்துவர் சொன்னார். இப்போது வலி இல்லை, கைத்தடியையும் விட்டுவிட்டேன். ஆனால் மாலை வேளையில் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறேன் என்கிறார்கள். வலது கால் சற்று நீண்டுவிட்டது போலவும் இருக்கிறது. முன்பு நாள்தோறும் ஓடுவேன், எடைப் பயிற்சியும் செய்வேன். மீண்டும் எப்போது தொடங்கலாம்?

பதில்: ஏழாவது வாரத்தில் வலியின்றி நடக்கிறீர்கள் என்பது மகிழ்ச்சியான செய்தி. ஆனால் வலி நின்றதை வைத்து மூட்டு முழுமையாகத் தயாராகிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். உங்களுக்கு வலி தந்துகொண்டிருந்த தேய்ந்த எலும்புப் பரப்பு அறுவை சிகிச்சை மேசையிலேயே அகற்றப்பட்டுவிட்டதால் வலி விரைவில் விடைபெறுகிறது; எலும்பும், மூட்டைச் சுற்றி மூடியிருக்கும் மூட்டு உறையும், தசைகளும் தேறுவதற்குப் பல மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில்தான் நன்றாக இருக்கிறோம் என்ற நம்பிக்கையில் பலர் அவசரப்படுகிறார்கள்.

சிமென்ட் வைத்துப் பொருத்தும் மூட்டு அன்றே இறுகிவிடும். உங்களுக்குப் பொருத்தியிருப்பது வேறு வகை. அதன் சொரசொரப்பான பரப்புக்குள் உங்கள் எலும்பே வளர்ந்து பற்றிக்கொள்ள வேண்டும். இதற்குப் பொதுவாக 6 முதல் 12 வாரங்கள் ஆகும். அதற்குள் குதிப்பதாலோ, காலை ஊன்றி உடலைத் திருகுவதாலோ மூட்டுக்கும் எலும்புக்கும் இடையே நுண்ணிய அசைவு தொடர்ந்து ஏற்பட்டால், எலும்பு வளர வேண்டிய இடத்தில் நார்த்திசு வளர்ந்து, பிடிப்பு தளர்ந்துபோகக்கூடும். பின்பக்கமாகத் திறந்திருப்பதால் அந்தப் பக்கத்து மூட்டு உறையும் ஆற வேண்டும். மூட்டு நழுவும் அபாயம் முதல் மூன்று மாதங்களில்தான் அதிகம் என்பதால், இடுப்பை 90 பாகைக்கு மேல் மடக்குவது, கால்மேல் கால் போடுவது, வலது பாதத்தை உட்புறமாகத் திருப்புவது ஆகிய மூன்றையும் உங்கள் அறுவை மருத்துவர் சொன்ன காலம் வரை தவிர்த்துவிடுங்கள். தாழ்வான இருக்கையில் அமர்வதும், குனிந்து காலணி மாட்டுவதும் இதில் அடங்கும்.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை மிகவும் ஈர்த்தது, மாலையில் சாய்ந்து நடப்பதாகச் சொன்னதுதான். இடுப்பின் பக்கவாட்டில் இருக்கும் நடுப்பிட்டத் தசை, ஒற்றைக் காலில் நிற்கும் ஒவ்வொரு முறையும் இடுப்பெலும்பு மறுபக்கம் இறங்காமல் பிடித்து நிறுத்துகிறது. வலிக்கு அஞ்சி அந்தக் காலில் எடை போடாமலிருந்த நாட்களிலேயே அது மெலியத் தொடங்கியிருக்கும். காலையில் சமாளிக்கும் தசை மாலையில் களைத்துவிடுகிறது. நீங்களே சோதித்துப் பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, சுவரையோ உறுதியான மேசையையோ விரல்களால் தொட்டுக்கொண்டு, இடது பாதத்தைத் தரையிலிருந்து சற்றே உயர்த்துங்கள். இடுப்புப் பட்டை இடது பக்கம் தாழ்ந்தாலோ, உடல் வலப்பக்கம் சாய்ந்தாலோ தசைக்கு இன்னும் வலு வரவில்லை என்று பொருள்.

ஆகவே கைத்தடியை மீண்டும் கையில் எடுங்கள். இது பின்னடைவு ஆகாது. தடியை இடது கையில் பிடித்து, வலது காலோடு சேர்த்து ஊன்ற வேண்டும். அப்படிப் பிடிக்கும்போதுதான் வலது இடுப்பின் சுமை குறையும். நடை நேராகும் வரை, குறைந்தது வெளியே செல்லும்போதும் மாலையிலும், அது தேவை. கூடவே, முழங்கால்களுக்கிடையே தலையணை வைத்து இடப்பக்கமாகப் படுத்து, வலது காலை நேராக மேலே உயர்த்தி மெதுவாக இறக்குவது, மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி இடுப்பைத் தூக்குவது, உயரமான நாற்காலியிலிருந்து கைகளை ஊன்றாமல் எழுவது ஆகியவற்றை ஒருமுறை பிசியோதெரபிஸ்டிடம் செய்து காட்டிவிட்டு நாள்தோறும் செய்யுங்கள். மறுநாள் காலையில் வலியோ வீக்கமோ கூடியிருந்தால் முந்தைய நாள் செய்தது அதிகம் என்று கொண்டு, அளவைக் குறையுங்கள்.

கால் நீண்டது போன்ற உணர்வு, பெரும்பாலும் இறுகிய தசைகளாலும் இடுப்பெலும்பின் சாய்வாலும் வருவது. சில மாதங்களில் தானாகவே குறையும். அளந்து பார்க்காமல் காலணிக்குள் அட்டை வைத்துச் சரிசெய்ய முயல வேண்டாம்.

நடைப்பயிற்சியை இப்போதே படிப்படியாகக் கூட்டலாம். இருக்கையை உயர்த்தி வைத்து, உடற்பயிற்சி சைக்கிளை எதிர்விசையின்றி மிதிக்கலாம். காயம் முழுவதும் ஆறியிருந்தால், மருத்துவரின் ஒப்புதலுடன் நீந்தலாம். தவளையைப் போல் கால்களை அகட்டி உதைக்கும் நீச்சலை மட்டும் ஒத்திப்போடுங்கள். எடைப் பயிற்சியை மூன்றாம் மாதப் பரிசோதனைக்குப் பின், குறைந்த எடையில் தொடங்கலாம். ஆழமாக உட்கார்ந்து எழும் பயிற்சிக்கு அப்போதும் அவசரம் வேண்டாம்.

ஓட்டத்துக்கு வருகிறேன். செயற்கை மூட்டுக்குள்ளேயே அளவுமானி பொருத்தி எடுத்த அளவீடுகளின்படி, சாதாரண நடையில் இடுப்பு மூட்டின் மேல் உடல் எடையைப் போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு விசை விழுகிறது. மெதுவாக ஓடும்போதே அது நான்கு மடங்கைத் தாண்டுகிறது. கால் தடுமாறும் நொடியில் ஏழெட்டு மடங்கு வரை எகிறுகிறது. 2019இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியான தொகுப்பாய்வு, மாற்றிய இடுப்பு மூட்டுகளில் சுமார் 58 சதவீதம் 25 ஆண்டுகள் நீடிப்பதாகக் கணக்கிட்டது. 58 வயதில் மாற்றிக்கொண்ட உங்களுக்கு இந்த ஆயுள் முக்கியம். முன்பே ஓடிப் பழகியவர்களை ஆறு மாதம் முதல் ஓராண்டு கழித்து அனுமதிக்கும் மருத்துவர்களும் உண்டு. என் கருத்தோ, வேக நடை, சைக்கிள், நீச்சல் ஆகியவற்றால் இதயத்துக்குக் கிடைக்கும் பயன் உங்களுக்குப் போதும். நாள்தோறும் நீண்ட தூரம் ஓடும் பழக்கத்துக்குத் திரும்பாமல் இருப்பதே நல்லது.

கெண்டைக்காலில் புதிதாக வீக்கமோ வலியோ வந்தாலும், காய்ச்சலோடு காயத்தில் சிவப்போ நீர்க்கசிவோ தென்பட்டாலும் அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, அல்லது கடும் வலியோடு கால் குறுகித் திரும்பி நகர்த்த முடியாத நிலை ஏற்பட்டால் காத்திருக்காமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்.

அடுத்த பரிசோதனையில் எக்ஸ்ரே எடுக்கும்போது, எலும்பு மூட்டை நன்றாகப் பற்றியிருக்கிறதா, மடக்குவதற்கான கட்டுப்பாடுகளை இனித் தளர்த்தலாமா, இரு கால்களின் நீளமும் சரியாக இருக்கிறதா என்று உங்கள் அறுவை மருத்துவரிடம் கேளுங்கள். ஓட்டம் பற்றிய கேள்வியை, கைத்தடியின்றி மாலையிலும் நேராக நடக்க முடிந்த பிறகு அவர் முன் வையுங்கள்.