டாக்டர் இல்லாமல் நர்ஸ் பிரசவம் பார்ப்பது பாதுகாப்பானதா?

கேள்வி: எனக்கு வயது 26, முதல் பிரசவம், 34 வாரம் ஆகிறது. எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் காட்டி வருகிறேன். பிரஷர், சுகர் நார்மல், ஸ்கேனில் குழந்தை தலை கீழாக இருக்கிறது, ரத்த அளவு 10.2. இரவில் வலி வந்தால் ஸ்டாஃப் நர்ஸ்தான் பிரசவம் பார்ப்பார் என்கிறார்கள். டாக்டர் இல்லாத இடம் வேண்டாம், டவுனில் தனியாரிடம் போகலாம் என்கிறார் மாமியார். என்ன செய்வது?

பதில்: உங்கள் மாமியாரின் பயம் நியாயமானதுதான். ஆனால் அவர் மனதில் இருப்பது அந்தக் கால வீட்டுப் பிரசவமாக இருக்கலாம். இன்றைய ஸ்டாஃப் நர்ஸ் மூன்று அல்லது நான்கு வருடம் படித்தவர். அந்தப் படிப்பிலேயே பிரசவம் பார்க்கும் பயிற்சியும் அடக்கம். நர்சிங் கவுன்சிலில் நர்ஸாகவும் பேறுகாலப் பணியாளராகவும் பதிவு செய்தவர். சிக்கல் இல்லாத பிரசவத்தைப் பார்ப்பது அவருடைய வேலைதான், டாக்டர் வராததால் அவர் தலையில் விழுந்த வேலை இல்லை.

மகப்பேறு மருத்துவராக ஒன்று சொல்கிறேன். முதல் பிரசவத்தில் வலி நன்றாகப் பிடித்த பிறகும் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் ஆகலாம். அவ்வளவு நேரமும் எந்த டாக்டரும் கட்டில் பக்கத்தில் நிற்பதில்லை, டவுன் ஆஸ்பத்திரியிலும்தான். கூடவே இருப்பவர் நர்ஸ். அரை மணிக்கொரு முறை குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்பார், அது நிமிடத்துக்கு 110 முதல் 160-க்குள் இருக்க வேண்டும். வலி எத்தனை முறை வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று வயிற்றில் கைவைத்துப் பார்ப்பார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை கருப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சோதித்து, எல்லாவற்றையும் பார்ட்டோகிராஃப் என்ற தாளில் குறிப்பார். அந்தத் தாளில் கோடு போகிற போக்கைப் பார்த்தே பிரசவம் சரியாக நகர்கிறதா, எங்கே நின்றுவிட்டது என்று தெரிந்துவிடும். ஒழுங்காக எழுதப்பட்ட அந்தத் தாளோடு ஒரு பெண் எங்களிடம் வந்தால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

குழந்தை பிறந்த அடுத்த நிமிடம்தான் எனக்கு இன்னும் முக்கியம். அப்போது தொடையில் 10 யூனிட் ஆக்சிடோசின் ஊசி போட வேண்டும். கருப்பை சுருங்க அது உதவும். பிரசவத்துக்குப் பிறகு நிற்காத ரத்தப்போக்குதான் தாய்மார்களுக்குப் பெரிய ஆபத்து. முதல் இரண்டு மணி நேரம் அடிக்கடி வயிற்றைத் தொட்டு, கருப்பை கெட்டியாக இருக்கிறதா, துணி எவ்வளவு நனைகிறது என்று பார்க்கிற நர்ஸ் பல உயிர்களைக் காப்பாற்றுகிறார். குழந்தையை உடனே உங்கள் நெஞ்சில் போட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வைப்பதும் அவரே.

சரி, அப்படியானால் எல்லோரும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பெற்றுக்கொள்ளலாமா? கூடாது. முன்பு சிசேரியன் ஆனவர்கள், இரட்டைக் குழந்தை, தலை மேலே இருக்கும் குழந்தை, நஞ்சுக்கொடி கீழே இருப்பது, பிரஷர் 140/90-க்கு மேல், இதய நோய், கடுமையான ரத்தசோகை, 37 வாரத்துக்கு முன்பே வலி இதெல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்கான விஷயம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இப்போதைக்கு இவை எதுவும் உங்களுக்கு இல்லை.

ஆகவே மாமியாரோடு வாதம் பண்ணாமல், அவரையும் கூட்டிக்கொண்டு ஒரு நாள் அங்கே போய்க் கேளுங்கள். இரவில் எத்தனை நர்ஸ் இருப்பார்கள்? போன் பண்ணினால் டாக்டர் எவ்வளவு நேரத்தில் வருவார்? நிலைமை மாறினால் எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், 108 வண்டியில் அங்கே போக எவ்வளவு நேரம்? 24 மணி நேரமும் ஆபரேஷனும் ரத்தமும் கிடைக்கிற சீமாங்க் மையம் எட்டும் தூரத்தில் இருந்தால் நான் தயங்காமல் சரி என்பேன். இரண்டு மணி நேரப் பயணம் என்றால், தேதி நெருங்கும்போதே அந்த ஊர்ப் பக்கம் போய்த் தங்குவது நல்லது. தனியார் என்று முடிவெடுத்தாலும் இதே கேள்விகளை அங்கேயும் கேளுங்கள். போர்டில் டாக்டர் பெயர் இருப்பது சரி, இரவில் லேபர் வார்டில் நிற்பவர் முறையாகப் படித்த நர்ஸ்தானா என்பதைக் கேட்பவர்கள் குறைவு.

இன்னொன்று. லேபர் வார்டில் திட்டு விழும் என்று பல பெண்கள் பயப்படுகிறார்கள். சில இடங்களில் அது நடக்கிறது, நடக்கக் கூடாது. அரசு மருத்துவமனைகளில் கூட ஒரு பெண் துணை இருக்கலாம். யாராவது உடனிருந்து தைரியம் சொன்னால் சிசேரியன் குறைகிறது என்று ஆய்வுகளே காட்டுகின்றன. மாமியாரே அந்தத் துணையாக இருந்தால் அவர் பயமும் போகும்! வலியில் நடக்கலாம், ஒருக்களித்துப் படுக்கலாம், தண்ணீர் குடிக்கலாம். முதல் பிரசவம் என்பதற்காகவே எல்லோருக்கும் பிறப்புறுப்பில் வெட்டித் தையல் போட வேண்டியதில்லை. வயிற்றை மேலிருந்து அழுத்தித் தள்ளுவதை அனுமதிக்காதீர்கள்.

தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, பனிக்குட நீர் பச்சையாகப் போவது, குழந்தை அசைவு குறைவது இதில் எது வந்தாலும் வலிக்காகக் காத்திருக்காமல் கிளம்புங்கள்.

ரத்த அளவு 11-ஆவது இருக்க வேண்டும், உங்களுக்குக் கொஞ்சம் குறைவு. இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீயோடு போடாதீர்கள். கால்சியம் மாத்திரையையும் அதோடு சேர்க்காமல் வேறு நேரத்தில் போடுங்கள். அடுத்த செக்கப்பில் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி மறுபடி ரத்தம் பாருங்கள். ஏறவில்லை என்றால் இரும்புச்சத்தை ஊசியாக ஏற்றலாமா என்று அங்குள்ள டாக்டரிடம் கேளுங்கள்.